மந்திரத்துக்கு விலை உண்டாம், நாயகிக்கு மட்டும் தள்ளுபடி

ஆளாளுக்குக் கொண்டாடிக்கொண்டிருந்த ஓர் இளையோர் ஃபேண்டஸி நாவலை ஒருவழியாகப் படித்து முடித்தேன். பெயரைச் சொல்லப் போவதில்லை. அதன் ரசிகர்களோடு எனக்குச் சண்டை எதுவும் இல்லை. எழுதியவருக்கும் இது முதல் நாவல்.

ஆரம்பம் அபாரம். அந்த உலகத்தில் மந்திரம் போட வேண்டுமென்றால் உங்கள் நினைவு ஒன்றைக் கொடுத்தாக வேண்டும். சின்ன மந்திரத்துக்குச் சின்ன நினைவு, பெரியதற்குப் பெரியது. கொடுத்தது திரும்பி வரவே வராது. பதினாறு வயது நாயகி, பூட்டிய கதவொன்றைத் திறப்பதற்காக அம்மா பாடிய தாலாட்டைக் கொடுக்கிறாள். கதவு திறந்துகொள்கிறது. அவள் உதடு அசைகிறது, தொண்டை மெட்டைத் தேடுகிறது, ஒன்றும் வரவில்லை. அந்த இடத்தில் மேற்கொண்டு படிக்க மனசு வராமல் புத்தகத்தை மூடி வைத்தேன்.

அப்புறம் வருகிறது பன்னிரண்டாம் அத்தியாயம். காயம்பட்ட தம்பியை மடியில் கிடத்திக்கொண்டு அதே தாலாட்டைப் பாடுகிறாள்! அரைகுறையாக இல்லை, முழுப் பாட்டையும். இதில் ஏதோ சூட்சுமம் இருக்கிறது, பின்னால் முடிச்சை அவிழ்ப்பார்கள் என்று காத்திருந்தேன். ஒரு முடிச்சும் இல்லை. எழுதியவர் மறந்துவிட்டார், எடிட்டரும் மறந்துவிட்டார். நினைவு அழிவதைப் பற்றிய கதையில் இது நடந்திருக்கிறது!

கவனப்பிழை என்று விட்டுவிட்டிருப்பேன். ஆனால் அதற்குப் பிறகு அவள் கொடுக்கிற நினைவுகளைப் பாருங்கள்: பக்கத்து வீட்டுப் பூனையின் நிறம், என்றோ பெய்த ஒரு மழை, யாரோ சொன்ன விடுகதை. இதைக் கொடுத்துவிட்டுக் கோட்டைச் சுவரையே சாய்க்கிறாள். அதே அளவு மந்திரத்துக்கு வில்லன் தன் பால்ய காலம் முழுவதையும் பறிகொடுத்திருக்கிறான். நடுவரின் பிள்ளை ஆடுகிற ஆட்டம் மாதிரி, விதி அவனுக்கு ஒன்று, இவளுக்கு ஒன்று.

உச்சகட்டத்தில் நகரத்தைக் காப்பாற்ற, தம்பியைப் பற்றிய நினைவையே கொடுக்க வேண்டி வருகிறது. கொடுக்கிறாள். அவன் ஓடி வந்து கையைப் பிடிக்க, “யார் நீ?” என்கிறாள். சரி, கடைசியிலாவது துணிந்துவிட்டார் என்று நிமிர்ந்து உட்கார்ந்தேன். நாலு பக்கம் தள்ளி, காதலனின் கண்ணீர் ஒரு சொட்டு அவள் கையில் விழுகிறது. எல்லாம் திரும்பி வந்துவிடுகிறது. எப்படி என்று கேட்டால், அன்புக்கு முன்னால் விதி செல்லாது என்று ஒரு கிழவி சொல்கிறாள். அவ்வளவுதான் விளக்கம்.

ஃபேண்டஸி எழுத்தாளர் பிராண்டன் சாண்டர்சன் 2007-இல் ஒரு கட்டுரையில் இதைத்தான் விதியாகவே வகுத்தார்: வாசகருக்கு அந்த மந்திரம் எவ்வளவு புரிந்திருக்கிறதோ, அந்த அளவுக்குத்தான் அதை வைத்துச் சிக்கலைத் தீர்க்க முடியும். இந்த நாவலில் எனக்கு மந்திரம் நன்றாகவே புரிந்திருந்தது. அதனால்தான் கோபமே.

நினைவு திரும்பி வந்தது என் பிரச்சினை இல்லை. ஜெர்மன் எழுத்தாளர் மிஹாயேல் எண்டே 1979-இல் எழுதிய ‘முடிவில்லாக் கதை’யிலும் கிட்டத்தட்ட இதே ஏற்பாடுதான். பாஸ்டியன் என்ற பையனின் ஒவ்வொரு ஆசையும் நிறைவேறும்போது அவனுடைய பழைய வாழ்க்கையின் நினைவு ஒன்று கழன்றுகொள்ளும். போனதே அவனுக்குத் தெரியாது என்பதுதான் அதில் பயங்கரம். நடுவில் ஒரு நகரம் வருகிறது. நினைவுகளெல்லாம் தீர்ந்துபோனவர்கள் அங்கே எழுத்துப் பகடைகளை உருட்டிக்கொண்டே இருக்கிறார்கள், தற்செயலாக ஏதாவது சொல் அமையாதா என்று. பாஸ்டியன் கடைசியில் தன் பெயரைக்கூட இழக்கிறான். அவனுக்கும் எல்லாம் திரும்பக் கிடைக்கிறது. ஆனால் அடிமட்டம் வரை போய்விட்டு வருகிறான். நாமும் கூடவே போகிறோம்.

சின்னப் பிள்ளைகள் படிப்பதற்கு இவ்வளவு கறார் எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. உர்சுலா லெ குவின் ‘எர்த்ஸீ’ வரிசையின் முதல் நாவலை இளையோருக்காகத்தான் எழுதினார், 1968-இல். கெட் என்ற மாணவன் வீம்புக்காகச் செத்தவளின் ஆவியை அழைக்க, ஒரு நிழல் வெளியே வந்து அவன் முகத்தைக் கிழிக்கிறது. அது வெளியே வந்த பிளவை அடைக்கப்போன தலைமை மந்திரவாதி செத்தே போகிறார். தழும்பு கடைசிவரை அவன் முகத்தில் இருக்கிறது. எந்தக் கண்ணீரும் அதை ஆற்றுவதில்லை. பதின்வயதினர் இதையெல்லாம் தாங்குவார்கள். தாங்க மாட்டார்கள் என்று நினைப்பது நாமும் பதிப்பகங்களும்தான்.

நான் படித்த நாவலில் முக்கோணக் காதலும் இருக்கிறது, அதைப் பற்றிப் பேச ஒன்றுமில்லை. முதல் பக்கத்து வரைபடத்தில் பிரம்மாண்டமாக விரிகிற பாலைவனத்தை ஒரே பத்தியில் கடந்துவிடுகிறார்கள், தண்ணீர்ப் பஞ்சம்கூட வரவில்லை.

இத்தனைக்கும் நடுவில் ஒரு கடிகாரக்காரர் வருகிறார். மொத்தமே இரண்டு பக்கம். மகளைப் பிழைக்க வைப்பதற்காக மகளைப் பற்றிய நினைவையே கொடுத்தவர். கடையைத் திறந்துவிடும் அந்தப் பெண்ணிடம் தினமும் மரியாதையாக, “நீங்கள் யாரம்மா?” என்று கேட்கிறார். அவளும் சலிக்காமல், “வேலைக்கு வந்திருக்கிறேன் ஐயா” என்கிறாள். இப்படி எழுதத் தெரிந்த கை ஏன் நாயகியிடம் மட்டும் நடுங்கியது என்று விளங்கவேயில்லை.

இரண்டாம் பாகம் வரப்போகிறதாம். அதில் கடிகாரக்காரர் இருக்கிறாரா என்று யாராவது படித்துவிட்டுச் சொல்லுங்கள். இருந்தால் வாங்குகிறேன்.