பதினொரு மணிக்கு வரும் அழைப்பு

சோழிங்கநல்லூர் சிக்னலில் நின்றுகொண்டிருந்தோம். மெட்ரோ வேலைக்காகப் பாதிச் சாலையை அடைத்திருந்ததால் வண்டிகள் நகர்வதாக இல்லை. பக்கத்து இருக்கையில் என் மேனேஜர். அவருடைய கார் சர்வீசுக்குப் போயிருந்ததால் அன்று என்னோடு வந்தார். கைப்பேசி காரின் ஸ்பீக்கரோடு இணைந்திருப்பதை மறந்து, வந்த அழைப்பை ஸ்டீயரிங்கில் இருந்த பொத்தானை அழுத்தி எடுத்துவிட்டேன். முதலில் என் முழுப்பெயர், இனிஷியலோடு. பிறகு, "சார், நேற்று ராத்திரி நௌக்ரி வேலைத் தளத்தில் ரெஸ்யூமேவைப் புதுப்பித்திருக்கிறீர்கள், அதைப் பார்த்துத்தான் கூப்பிடுகிறேன்" என்று ஒரு பெண் குரல் கார் முழுக்க ஒலித்தது.

"ராங் நம்பர்" என்று சொல்லித் துண்டித்தேன். பெயரை அத்தனை துல்லியமாகச் சொன்னவருக்கு ராங் நம்பர் என்று பதில் சொன்னது எவ்வளவு பெரிய அசட்டுத்தனம் என்பது பிறகுதான் உறைத்தது. மேனேஜர் ஜன்னல் வழியாக மெட்ரோ தூண்களையே பார்த்துக்கொண்டு வந்தார். துரைப்பாக்கம் தாண்டியபோதுதான் வாயைத் திறந்தார். "வேலையை விட 90 நாள் நோட்டீஸ் தர வேண்டும் என்று சொல்லியிருக்கலாமே? பாதிப் பேர் அதைக் கேட்டதுமே போனை வைத்துவிடுவார்கள்."

அவருக்கு எப்படித் தெரியும் என்று நான் கேட்கவில்லை.

எங்கள் அலுவலகத்தில் நான்காம் மாடிக்கும் ஐந்தாம் மாடிக்கும் இடையே உள்ள படிக்கட்டு இதற்கென்றே கட்டப்பட்டது போலிருக்கும். லிஃப்ட் இருக்கும்போது அங்கே ஏறி இறங்குபவர்கள் யாரும் இல்லை. கைப்பேசியைக் காதில் வைத்துக்கொண்டு, வாயைக் கையால் மூடியபடி சுவரைப் பார்த்து நிற்பவர்கள்தான் உண்டு. ஒருவர் தொடர்ந்து மூன்று நாள் அங்கே போய் நின்றார். நான்காம் நாள், அவர் பேப்பர் போட்டுவிட்டார், அதாவது ராஜினாமா செய்துவிட்டார் என்று குழு முழுக்கச் செய்தி. உண்மையில் அவர் தன் அம்மாவின் கண் அறுவைச் சிகிச்சைக்காக மருத்துவக் காப்பீட்டுக்காரர்களோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்திருக்கிறார். அந்த ஆண்டு அவருக்கு ஊதிய உயர்வு குறைவாகத்தான் வந்தது. அதற்கும் இதற்கும் தொடர்பில்லை என்று நிர்வாகம் சொன்னது. நானும் நம்பத்தான் பார்க்கிறேன்.

ஒரு வேலையில் இருந்துகொண்டே இன்னொரு வேலையைப் பற்றிக் கேட்பது கள்ளத்தனம் என்று நமக்குள் எப்படியோ ஊறிவிட்டது. அதனால்தான் அழைப்பு வந்ததும் முகம் மாறுகிறது, குரல் இறங்குகிறது, கால் படிக்கட்டைத் தேடுகிறது. காட்டிக்கொடுப்பதே அந்தக் கிசுகிசுப்புதான். சாதாரணக் குரலில் பேசுகிறவனை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

கேட்காமல் வரும் அழைப்பு என்று நாம் புலம்புவதும் பாதிதான் உண்மை. விளம்பர அழைப்புகளைத் தடுக்கும் 1909 எண்ணில் பதிந்து வைத்தால் நின்றுவிடும் என்று ஒரு நண்பர் சொன்னார். பதிந்தேன். கடன் கொடுக்கத் துடிப்பவர்கள் குறைந்தார்கள், வேலைக்குக் கூப்பிடுபவர்கள் குறையவில்லை. வேலைத் தளத்தில் எண்ணை ஏற்றியது நான்தானே? மேனேஜரோடு மனக்கசப்பு வரும்போதெல்லாம் ராத்திரி உட்கார்ந்து ரெஸ்யூமேவில் ஒரு வரியை மாற்றுவதும் நான்தான். அப்படி மாற்றினால் ஆட்களைத் தேடுபவரின் திரையில் நம் பெயர் மேலே வந்து நிற்கும். மறுநாள் காலை போன் அடிக்கிறது. கோபம் ஆறிப் போயிருக்கும் நமக்கு அது தொந்தரவாகத் தெரிகிறது.

பொருந்தாத அழைப்புகள் வேறு வகை. நான் கோபால் மொழியில் வேலை செய்தது மொத்தம் எட்டு மாதம், அதுவும் வேலைக்குச் சேர்ந்த புதிதில். (1959இல் பிறந்த கணினி மொழி அது. என் அப்பா இன்னும் அதை என் பழைய மேனேஜரின் பெயர் என்றே நினைத்துக்கொண்டிருக்கிறார்.) அந்த ஒற்றைச் சொல் ரெஸ்யூமேவின் கடைசிப் பக்கத்தில் கிடப்பதால் இன்றுவரை வங்கி மெயின்ஃபிரேம் வேலைகளுக்கு அழைக்கிறார்கள். சொல்லைத் தேடுகிறார்கள், சொல் கிடைக்கிறது, கூப்பிடுகிறார்கள். படித்துப் பார்ப்பதில்லை.

ஏன் படிப்பதில்லை என்பது சித்தி மகள் கோயம்புத்தூரில், நிறுவனங்களுக்கு ஆள் பிடித்துத் தரும் ஒரு சிறிய கன்சல்டன்சியில் சேர்ந்த பிறகுதான் எனக்குப் புரிந்தது. அவளுக்குச் சம்பளம் 17,000 ரூபாய். ஒரு நாளைக்கு 60 அழைப்புகள் பேசிக் கணக்குக் காட்ட வேண்டும். பொங்கலுக்கு ஊருக்கு வந்திருந்தபோது, "ஏழு மணிக்கு மேல் கூப்பிடுங்கள் என்று சொன்னால் ஏன் யாரும் கூப்பிடுவதில்லை?" என்று கேட்டேன். "ஆறரைக்கு எங்கள் ஆபீசைப் பூட்டிவிடுவார்கள், அண்ணா" என்றாள்.

இன்னொன்றும் சொன்னாள். நிறுவனங்கள் ஒரே காலியிடத்தை நாலைந்து கன்சல்டன்சிகளுக்குக் கொடுத்துவிடும். ஒரே ஆளை இரண்டு பேர் பிடித்தால், யார் முதலில் அவருடைய ரெஸ்யூமேவை ஏற்றுகிறாரோ அவருக்குத்தான் பணம். ஆகவேதான் ஒரே வேலைக்கு ஒரே காலையில் நான்கு அழைப்புகள். இரவு வரை காத்திருந்தால் அவள் தோற்றுப்போவாள். பணம் என்றால் சிறிய பணமும் இல்லை. ஆண்டுச் சம்பளத்தில் 8.33 சதவீதம் என்பது இந்தத் தொழிலில் பழகிப்போன கணக்கு, அதாவது ஒரு மாதச் சம்பளம். 18 லட்ச ரூபாய் வேலைக்கு ஒன்றரை லட்சம். சேர்ந்தவர் சில மாதங்களுக்குள் ஓடிவிட்டால் பெரும்பாலும் அதுவும் இல்லை, வேறு ஆளைப் பிடித்துத் தர வேண்டும். அந்த ஒன்றரை லட்சத்தில் அவள் கைக்கு எவ்வளவு வரும் என்று கேட்டேன். சிரித்தாள்.

திட்டுபவர்களைக்கூட அவள் பொருட்படுத்துவதில்லை. ஆஃபர் லெட்டரை வாங்கி, அதைக் காட்டி வேறு இடத்தில் இன்னும் அதிகம் பேசி முடித்துவிட்டு, சேர வேண்டிய நாளன்று போனை அணைத்துவிடுபவர்கள்தான் அவளை அழ வைக்கிறார்கள். அதைக் கேட்டபோது நான் தட்டில் இருந்த கரும்புத் துண்டைத் தீவிரமாகக் கடிக்கத் தொடங்கினேன். 2021இல் அதே காரியத்தை நானும் ஒருமுறை செய்திருக்கிறேன். 90 நாள் நோட்டீஸ் என்று வைத்துவிட்டு, அந்த மூன்று மாதமும் ஒருவன் சும்மா இருப்பான் என்று எதிர்பார்ப்பது என்ன நியாயம் என்று அன்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். சமாதானம் சரியாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த நாளன்று எனக்கு 14 முறை போன் செய்தது அவளைப் போல ஒரு பெண்தான்.

2022 தொடக்கத்தில் எனக்கு ஒரு நாளைக்கு ஐந்தாறு அழைப்புகள் வந்தன. எரிந்து விழுந்தேன், எண்களை முடக்கினேன். மறு ஆண்டு ஆட்குறைப்புச் செய்திகள் வரத் தொடங்கியதும் போன் அப்படியே அடங்கிவிட்டது. எங்கள் திட்டமும் மூடப்பட்டு, வேறு வேலை எதுவும் ஒதுக்கப்படாமல் பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஆறு வாரங்களில், முடக்கி வைத்த எண்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தேன். எது யாருடையது என்று தெரியவில்லை. எதற்கும் பெயர் போட்டு வைத்திருக்கவில்லை.

ஆகவே, நேரம் கெட்ட நேரத்தில் கூப்பிடுகிறார்கள் என்று இப்போது நான் கோபப்படுவதில்லை. கோபப்பட வேண்டிய இடம் வேறு. அழைத்த இரண்டாவது நிமிடத்தில், "இப்போது என்ன வாங்குகிறீர்கள்?" என்று கேட்கிறார்கள். நிறுவனத்தின் பெயரைச் சொல்ல மாட்டார்கள். அதுவாவது போகட்டும், சொன்னால் நாம் நண்பன் மூலம் நேராக விண்ணப்பித்துவிடுவோம் என்ற பயம் அவர்களுக்கு. சம்பளம் எவ்வளவு என்று கேட்டால், "மார்க்கெட் நிலவரப்படி" என்பார்கள். என் கையிலிருக்கும் சீட்டை முதலில் கவிழ்த்துக் காட்ட வேண்டும், அவர்கள் சீட்டு மட்டும் மார்போடு ஒட்டியே இருக்கும். பழைய சம்பளத்தின் மேல் 30 சதவீதம் என்று வைத்துப் பேசினால், ஒருமுறை குறைவாகச் சேர்ந்தவர் ஆயுள் முழுக்கக் குறைவாகவே வாங்குவார். குழந்தை பிறந்து மூன்றாண்டு வீட்டில் இருந்துவிட்டுத் திரும்பிய என் முன்னாள் சக ஊழியர் ஒருவரிடம், அவர் விட்டுப்போன சம்பளத்தைக் கேட்டு அதிலிருந்து பேரம் தொடங்கினார்கள். முன்பு அவருக்குக் கீழே வேலை செய்து, இப்போது அதே பதவியில் இருக்கும் பையனுக்கு அவரைவிடக் கூடுதல்.

பழைய சம்பளத்தைக் கேட்கக் கூடாது என்று கலிஃபோர்னியாவில் 2018 முதல் சட்டம் இருக்கிறது. மாசசூசெட்ஸிலும் அதே ஆண்டில் நடைமுறைக்கு வந்தது. நம் ஊரில் அப்படி எதுவும் இல்லை. கேட்பதோடு நிற்காமல், மூன்று மாதச் சம்பளச் சீட்டையும் அனுப்பச் சொல்கிறார்கள். பான் எண்ணையும் முதல் அழைப்பிலேயே கேட்பார்கள், ஒரே ஆள் இரண்டு வழியாக வந்துவிடாமல் பார்ப்பதற்காம். சம்மதித்து மின்னஞ்சல் அனுப்பும் முன் கொடுக்காதீர்கள். நீங்கள் கேள்விப்படாத நிறுவனத்தில் உங்கள் பெயர் ஏறியிருக்கும், பிறகு நீங்களே அங்கே விண்ணப்பித்தால் 'ஏற்கெனவே வந்துவிட்டது' என்று திருப்பி அனுப்புவார்கள். எனக்கு நடந்திருக்கிறது. பதிவுக் கட்டணம், பயிற்சிக் கட்டணம் என்று பணமே கேட்பவர்கள் திருடர்கள், அவர்களுக்கு சைபர் மோசடிப் புகார் எண் 1930 இருக்கிறது.

இப்போதெல்லாம் படிக்கட்டுக்குப் போவதில்லை. இருக்கையிலேயே போனை எடுத்து, "வேலையில் இருக்கிறேன், வாட்ஸ்அப்பில் அனுப்புகிறேன்" என்று எல்லோருக்கும் கேட்கும் குரலிலேயே சொல்லிவிட்டு வைக்கிறேன். பிறகு போனில் சேமித்து வைத்திருக்கும் இதை அனுப்புகிறேன்: "நிறுவனம், ஊர், சம்பள வரம்பு. மூன்றையும் எழுதி அனுப்புங்கள். இன்று இரவுக்குள் கட்டாயம் பதில் தருகிறேன்." பத்துப் பேருக்கு அனுப்பினால் ஏழு பேரிடமிருந்து ஒன்றும் வராது. மூன்றையும் எழுதி அனுப்புபவர்களுக்குச் சரியோ வேண்டாமோ அன்றிரவே பதில் எழுதிவிடுகிறேன், எண்ணுக்குப் பெயரும் போட்டு வைக்கிறேன்.

சென்ற வாரம் ஒருவரிடமிருந்து பதில் வந்தது. "சார், ஊர் மட்டும் சொல்ல அனுமதி உண்டு. பெங்களூரு. பரவாயில்லையா?"

மூன்றில் ஒன்றுதான். ஆனாலும் கேட்ட விதம் பிடித்திருந்தது. பெங்களூரு வர முடியாது என்று ராத்திரி பத்து மணிக்கு எழுதினேன். உடனே ஒரு கும்பிடு வந்தது. அதன் கீழேயே, "உங்கள் நண்பர்கள் யாராவது?"