அனந்த்பூரில் குரு கைகூப்பி நின்றார்

சீக்கியம் என்றாலே நம்மில் பலருக்குத் தலைப்பாகை, தாடி, அப்புறம் ஐந்து 'க'. கேஷ் என்கிற வெட்டாத முடி, கங்கா என்கிற சீப்பு, கடா என்கிற இரும்புக் காப்பு, கச்சேரா என்கிற அரைக்கால் உள்ளாடை, கிர்பான் என்கிற குறுவாள். பாடம் அதோடு முடிந்துவிடும். எனக்கு இதில் பெரிய வருத்தம், ஏனென்றால் இந்த அடையாளங்கள் பிறந்த அதே நாளில் நடந்த இன்னொன்றில்தான் அந்த மதத்தின் உயிரே இருக்கிறது.

1699, பைசாகி என்கிற அறுவடைத் திருநாள். பஞ்சாபின் அனந்த்பூர் சாகிபில் பத்தாவது குரு கோவிந்த ராய் உருவிய வாளோடு நின்று ஒரு தலை வேண்டும் என்கிறார். ஒருவர் பின் ஒருவராக ஐந்து பேர் எழுந்து வருகிறார்கள். லாகூரின் தயா ராம் கத்ரி சாதி, பூரியிலிருந்து வந்த ஹிம்மத் தண்ணீர் சுமப்பவர், பீதரின் சாகிப் சந்த் நாவிதர் என்கிறது மரபு. இரும்புப் பாத்திரத்தில் தண்ணீர் ஊற்றி, அதில் பதாசா என்கிற சர்க்கரை மிட்டாயைப் போட்டு, இருபுறமும் கூரான வாளால் கலக்கி, ஒரே பாத்திரத்திலிருந்து ஐவருக்கும் தீட்சையாக அந்த அமிர்தத்தைக் கொடுக்கிறார். அன்றைக்கு இருந்த தீட்டுக் கணக்கில் இதுவே எவ்வளவு பெரிய காரியம்! அதற்குப் பிறகு குரு அந்த ஐவர் முன்னால் கைகூப்பி நின்று, எனக்கும் கொடுங்கள் என்று கேட்கிறார். கோவிந்த ராய் கோவிந்த் சிங் ஆனது அப்படித்தான், சீடர்கள் கையால்.

குரு நானக்கின் வழியில் வந்த இரண்டாவது குரு அங்கத் மனிதனின் நாள்பட்ட நோய் என்று சொன்னது ஹௌமையை, அதாவது 'நான்' என்கிற எண்ணத்தை. இறைவன் ஒருவன், உருவமற்றவன், பிறப்பற்றவன். அவனை மறைக்கிற சுவர் இந்த 'நான்'தான். அவன் பெயரை நினை, உழைத்துச் சாப்பிடு, பகிர்ந்து உண் என்கிற மூன்று கடமைகளும், சீக்கியக் கோயிலான குருத்வாராவின் பொது உணவுக்கூடமான லங்கரில் எல்லோரும் ஒரே வரிசையில் தரையில் உட்காருவதும் அந்தச் சுவரை இடிக்கத்தான். 1708இல் மனித குருக்களின் வரிசையே முடிந்து குரு கிரந்த சாகிப் என்கிற புனித நூலே குருவானது. அதற்குள்ளே நெசவாளி கபீர் இருக்கிறார், செருப்புத் தைத்த ரவிதாஸ் இருக்கிறார், சூஃபி ஃபரீத் இருக்கிறார். எவ்வளவு பெரிய ஜமீன்தாராக இருந்தாலும் குருத்வாராவில் நெற்றியைத் தரையில் வைக்கும்போது ரவிதாஸின் சொல்லுக்கும் சேர்த்துத்தான் வணங்குகிறார்.

சரி, நடைமுறையில்? 1920 அக்டோபரில் ஒடுக்கப்பட்ட சாதியிலிருந்து வந்து அமிர்தம் பெற்றவர்கள் பொற்கோயிலுக்குக் கடா பிரசாதம் என்கிற கோதுமை இனிப்பைக் கொண்டுபோனபோது பூசாரிகள் வாங்க மறுத்தார்கள். வாக்குவாதம் முற்றி, கிரந்தத்தையே கேட்போம் என்று முடிவானது. திறந்த பக்கத்தில் வந்தது மூன்றாவது குரு அமர்தாஸின் பாடல்: குணமற்றவர்களையும் இறைவனே மன்னித்துக் குருவின் தொண்டில் சேர்க்கிறான். பிரசாதம் ஏற்கப்பட்டது. அடுத்த மாதமே குருத்வாராக்களை நிர்வகிக்கிற சிரோமணி குருத்வாரா பிரபந்தக் கமிட்டி உருவானது.

ஆனாலும் பஞ்சாப் கிராமங்களில் இன்றும் தலித் சீக்கியர்களுக்குத் தனி குருத்வாராக்களும் தனிச் சுடுகாடுகளும் இருக்கின்றன. வேறெந்த மதத்தில் இதைப் பார்ப்பதைவிடவும் இங்கே பார்ப்பது எனக்கு அதிகம் வலிக்கிறது. காப்பும் கிர்பானும் தவறாமல் அணிகிறவர்களிடம், அன்று அந்த நாவிதரிடமும் தண்ணீர் சுமந்தவரிடமும் உங்கள் குரு அமிர்தம் கேட்டு வாங்கியது எங்கே போனது என்று அவர்கள் ஊர்க்காரர்களே கேட்கிறார்கள். அந்தக் கேள்வியின் பக்கம்தான் நான்.