தண்ணியில்லாக் காடு எங்கம்மா இருக்கு?

மூன்று வருஷத்துக்கு முன்னால் ராமநாதபுரத்துக்கு மாறுதல் ஆர்டர் வந்தபோது, திருச்சியில் என் சொந்தக்காரர்கள் துக்கம் விசாரிக்கிற மாதிரி விசாரித்தார்கள். "என்ன தப்பு பண்ணே, தண்ணியில்லாக் காட்டுக்குத் தூக்கிப் போட்டிருக்காங்க?" என்று பெரியப்பா கேட்டே விட்டார்.

வரும்போது இடுப்பில் இருந்த மகனுக்கு இப்போது ஐந்து வயது. எந்த ஊர் என்று யார் கேட்டாலும் யோசிக்காமல் "ராம்நாடு" என்பான். போன மாதம் ஒரு கல்யாண வீட்டில் அப்படிச் சொன்னதும், சுற்றி நின்ற பெரியவர்கள் சிரித்தார்கள். "ஐயோ பாவம், தண்ணியில்லாக் காடு!" அவன் சிரிக்கவில்லை. என் முந்தானையை இழுத்து, "அந்தக் காடு எங்கம்மா இருக்கு?" என்றான்.

சரி, காடு காட்டுவோம் என்று அடுத்த ஞாயிற்றுக்கிழமையே காரங்காட்டுக்குக் கூட்டிப்போனேன். தேவிபட்டினம் தாண்டி, தொண்டிக்குப் போகிற வழியில் உள்ள மீனவர் ஊர். அங்கே அலையாத்திக் காட்டுக்குள் படகில் கூட்டிப்போகிறார்கள். பிச்சாவரம் தெரிந்த அளவுக்கு இந்த இடம் வெளியூர்க்காரர்களுக்குத் தெரியாது. அதைவிடக் கொடுமை, என்னோடு வேலை பார்க்கிற உள்ளூர்க்காரர்களில் பாதிப் பேர் போனதில்லை.

படகு ஏறுவதற்கு முன்பே அரை மணி நேரம் போய்விட்டது. கரைச் சேற்றில் ஒரு நண்டு. ஒரு கொடுக்கு சின்னது. இன்னொன்று அதன் உடம்பு அளவுக்குப் பெரிசு. அதைத் தூக்கித் தூக்கி யாரையோ கூப்பிடுகிற மாதிரி ஆட்டிக்கொண்டிருந்தது. ஆண் நண்டுக்குத்தான் அந்தப் பெரிய கொடுக்கு. இவனும் குத்தவைத்து உட்கார்ந்து பதிலுக்குக் கையை ஆட்டினான். பறவை பார்க்க வேண்டும் என்று நான் பைனாகுலர் எல்லாம் கடன் வாங்கி வந்திருந்தேன். கடைசிவரை அவன் அதைத் தொடவே இல்லை.

காட்டுக்குள் போனதும், "யாரும்மா இத்தனை பென்சிலக் குத்தி வச்சது?" என்றான். சேற்றிலிருந்து மேல்நோக்கி நீட்டிக்கொண்டிருந்தது எல்லாம் வேர். அந்தச் சேற்றுக்குள் காற்று கிடையாது. அதனால் மூச்சு விட வேரே மேலே வருகிறது. "தண்ணி ஏறுச்சுன்னா முங்கிரும், வத்துச்சுன்னா மூச்சு விடும்" என்று படகோட்டி அண்ணன் சொன்னார். அப்புறம் ஒரு கிளையை வளைத்துப் பிடித்து, "நக்கிப் பாரு தம்பி" என்றார்.

கண்டதையும் வாயில் வைக்காதே என்று ஐந்து வருஷமாகச் சொல்லி வளர்த்த பிள்ளை. என் முகத்தைப் பார்த்தான். நான் தலையாட்டியதும் நாக்கை நீட்டி இலையில் லேசாக வைத்தான். கண் சுருங்கியது. "அம்மா, சிப்ஸு!"

உப்பு. உப்புத் தண்ணியிலேயே நிற்கிற மரம், தனக்கு வேண்டாத உப்பை இலை வழியாக வெளியே தள்ளுகிறது. நானும் நக்கிப் பார்த்தேன். பாடப் புத்தகத்தில் மனப்பாடம் செய்து மார்க் வாங்கிய விஷயம், முப்பத்து நாலு வயதில் நாக்குக்கு வந்தது.

நடுவில் இன்னொரு படகில் ஒரு கூட்டம் ஸ்பீக்கரில் பாட்டு போட்டுக்கொண்டு வந்தது. மரத்தில் இருந்த கொக்கு மொத்தமும் எழும்பிப் போய்விட்டது. குத்துப்பாட்டுக்குக் கடல் எதற்கு, வீட்டு மொட்டை மாடி போதாதா?

இந்த மாவட்டத்தில் தண்ணீர்க் கஷ்டம் இல்லை என்று சொல்ல வரவில்லை. எங்கள் தெருவில் குடத்தோடு நிற்கிறவர்களில் நானும் ஒருத்தி. குழாயில் வருவதும் திருச்சிப் பக்கத்துக் காவிரிதான். என்னைப் போலவே மாறுதலாகி வந்த தண்ணீர். ஆனால் அதை மட்டுமே சொல்லிச் சொல்லிப் பிள்ளைகளை வளர்ப்பதுதான் எனக்குப் பிடிக்கவில்லை. உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலங்களை ராம்சார் தலங்கள் என்பார்கள். தமிழ்நாட்டில் உள்ள 20 ராம்சார் தலங்களில் 4 முழுக்க முழுக்க இந்த ஒரே மாவட்டத்துக்குள் இருக்கின்றன: சித்திரங்குடி, காஞ்சிரங்குளம், சக்கரக்கோட்டை, தேர்த்தங்கல். நாலுமே கண்மாய்கள். மழைத் தண்ணீரைத் தேக்க இந்த ஊர்க்காரர்கள் வெட்டி வைத்ததில்தான் பறவை வந்து கூடு கட்டுகிறது. சக்கரக்கோட்டைக் கண்மாய் டவுனை ஒட்டியே இருக்கிறது. பள்ளிக்கூடங்களோ பிள்ளைகளை ராத்திரியே பஸ்ஸில் ஏற்றி, எங்கேயோ இருக்கிற தீம் பார்க்கில் செயற்கை அலை காட்டிவிட்டு வருகின்றன. வடக்கே அலை அடங்கிய பெண்கடல், தெற்கே அலை அடிக்கிற ஆண்கடல் என்று இரண்டு கடலுக்குப் பேர் வைத்து வாழ்கிற ஊரின் பிள்ளைகளுக்கு!

அன்று ராத்திரி என் அம்மா போன் பண்ணினார். வழக்கம்போல முதல் கேள்வியே, "தண்ணி வருதாடா அங்க?" மகன் போனை வாங்கிக்கொண்டான்.

"வருது அம்மாச்சி. ஏறும், அப்புறம் வத்திரும். வத்துனாத்தான் நண்டு வெளிய வரும்."