சனிக்கிழமை இஸ்திரி

போன வாரம் ஒரு கல்யாணத்துல பழைய ஆபீஸ்ல கூட வேலை பார்த்தவங்க ஒருத்தங்களைப் பார்த்தேன், பந்தியில பக்கத்துல உக்காந்ததும் முதல் கேள்வியே "ரிட்டயர் ஆகி ஆறு வருஷம் ஆச்சே, பொழுது எப்படிப் போகுது"ன்னுதான். பொழுதே பத்தலைங்கன்னு சொன்னேன். அவங்க நம்பல. கோயில் வேலை நிறைய இருக்குன்னு சொன்னதும் "ஓ, கோயிலா, நல்லதும்மா, உங்க வீட்டுக்காரரும் போயிட்டாரு, மனசுக்கு ஒரு ஆறுதலா இருக்கும்"னு என் கையைப் புடிச்சுக்கிட்டாங்க. நல்ல மனசோடதான் சொன்னாங்க. ஆனா வீட்டுக்கு வந்தப்புறமும் அந்த ஆறுதல்ங்கற வார்த்தை உறுத்திக்கிட்டே இருந்துச்சு. அதான் எழுதறேன், கொஞ்சம் நீளமாப் போகும், பொறுமை இருக்கறவங்க படிங்க.

புதுச்சேரியில எங்க பங்குக் கோயில்ல, அதான் எங்க பகுதி கத்தோலிக்க சர்ச்சுல, பூசை வைக்கற பீடத்தோட துணிங்க எல்லாம் என் பொறுப்பு. ஞாயித்துக்கிழமை பூசை எல்லாம் முடிஞ்சதும் கோயில் வேலைங்களைப் பாத்துக்கற கோயில்பிள்ளை ஒரு துணிப்பையில போட்டு என்கிட்ட குடுத்துடுவார். பூசையில கிண்ணத்துக்கும் தட்டுக்கும் அடியில சாமி, அதான் ஃபாதர், விரிப்பாரே சதுரமா ஒரு வெள்ளைத் துணி, அதுக்குப் பேரு கார்ப்பரல். அதுல நற்கருணை, அதான் பூசையில இயேசுவோட உடலா நாங்க வாங்கற அப்பம், அதோட துகள் கண்ணுக்குத் தெரியாம ஒட்டியிருக்கலாம், அதனால முதல்ல வெறும் தண்ணியில அலசணும், அந்தத் தண்ணியை சாக்கடையில ஊத்தக்கூடாது, மண்ணுலதான் ஊத்தணும். எங்க வீட்டுல செம்பருத்திச் செடிக்கு அடியில ஊத்துவேன். அதுக்கு அப்புறம்தான் சோப்பு. கிண்ணம் துடைக்கிற சின்னத் துணிக்கு கஞ்சி போடக்கூடாது, போட்டா ஈரத்தை இழுக்காது. கார்ப்பரலுக்கு மட்டும் சோத்துக் கஞ்சி, அதையும் மெல்லிசுத் துணியில வடிகட்டி நீர்க்க போடணும், இல்லன்னா இஸ்திரி போடும்போது பழுப்பா புடிச்சுக்கும். பாதி காஞ்சு பாதி ஈரமா இருக்கும்போதே பெட்டி வைக்கணும். மூணா மடிச்சு, திருப்பி மூணா மடிச்சா சரியா ஒம்போது கட்டம். மடிப்பு எல்லாம் உள்பக்கமாத்தான் வரணும், துகள் இருந்தா வெளிய சிந்தாம உள்ளயே நிக்கும். இந்த ஒரு சின்ன விஷயத்தை யோசிச்சுப் பண்ணவங்களை நினைச்சா எனக்கு இன்னும் ஆச்சரியம்தான்.

ஞாயித்துக்கிழமை காணிக்கைப் பாட்டு பாடும்போது சாமி அதைப் பிரிப்பார். ஒம்போது கட்டமும் தெளிவா கோடு விழுந்து விரியும். நான் மூணாவது பெஞ்சுல இருந்து அதைத்தான் பாத்துக்கிட்டு இருப்பேன். அஞ்சு செகண்டு கூட இருக்காது, ஆனா அந்த வாரத்துக்கே எனக்கு அது போதும். கவர்மெண்ட் ஆபீஸ்ல 33 வருஷம் க்ளார்க் வேலை பார்த்தேன், ஒரு ஃபைல் என் டேபிளை விட்டுப் போச்சுன்னா அது முடிஞ்சுதுன்னு அர்த்தம் இல்ல, ரெண்டு மாசத்துல புதுசா ஒரு குறிப்போட திரும்பி வந்து நிக்கும். ஒரு வேலையை ஆரம்பிச்சு, முடிச்சு, முடிஞ்சதைக் கண்ணால பாக்கறதுங்கறது எனக்கு அறுபது வயசுக்கு மேலதான் கிடைச்சுது.

2024 ஃபெஞ்சல் புயல் நம்ம ஊர் யாருக்கும் மறக்காது. நவம்பர் 30 சனிக்கிழமை ராத்திரி கரையைக் கடந்துச்சு, மறுநாள் டிசம்பர் 1, கிறிஸ்துமஸுக்கு முந்தின ஆகமனகாலத்தோட முதல் ஞாயிறு, பீடத்துல பச்சையை எடுத்துட்டு ஊதா போடற நாள். ஊதாத் துணி எல்லாம் துவைச்சு என் வீட்டுல இருக்கு, கரண்ட் இல்ல, தெருவுல முழங்கால் தண்ணி. பரண்ல மாமியாரோட பழைய கரி இஸ்திரிப் பெட்டி இருந்துச்சு, கொட்டாங்குச்சியைக் கொளுத்தி கரியாக்கி, மெழுகுவர்த்தி வெளிச்சத்துல ராத்திரி பதினோரு மணி வரைக்கும் தேய்ச்சேன், வெளிய காத்து கதவை உடைக்கிற மாதிரி அடிக்குது, எனக்கு என்னமோ பயமே வரலை. காலையில பக்கத்து வீட்டுத் தம்பி ரெண்டு பிளாஸ்டிக் கவர்ல சுத்தி தலையில வச்சு தூக்கிட்டு வந்தான். பூசைக்கு மொத்தமே பதினஞ்சு பேர்தான் இருந்திருப்போம். பீடம் ஊதாவுலதான் இருந்துச்சு.

சனிக்கிழமை காலையில பெரிய மார்க்கெட்டுக்குப் பூ வாங்கப் போவேன். சம்பங்கியும் சாமந்தியும் எப்பவும், காசு கொஞ்சம் சேர்ந்திருந்தா ரோஜா. பத்து வருஷமா வாங்கற பூக்காரம்மாவுக்கு நம்ம திருவழிபாட்டுக் காலம் எல்லாம் அத்துப்படி. அவங்க மாரியம்மன் கோயிலுக்குக் கூழ் ஊத்தறவங்க, ஆனா ஈஸ்டருக்கு முந்தின தவக்காலம் வந்தா பீடத்துக்குப் பூ கிடையாதுன்னு அவங்களுக்குத் தெரியும். தவக்காலம் ஆரம்பிக்கற சாம்பல் புதனுக்கு முந்தின வாரமே "இனிமே ஈஸ்டருக்குத்தான் வருவீங்க, என்னம்மா"ன்னு கேப்பாங்க, கேட்டுட்டு கடைசி வாரமாச்சேன்னு ரெண்டு முழம் சேர்த்து குடுப்பாங்க. தவக்காலத்துல நடுவுல நாலாவது ஞாயிறு மட்டும் பூ வைக்கலாம், அன்னிக்கு நான் போய் நின்னா அவங்க முகத்தைப் பாக்கணும் நீங்க!

மாசத்து முதல் வெள்ளிக்கிழமை படுக்கையில இருக்கறவங்களுக்கு நன்மை, அதான் நற்கருணை, கொண்டு போறது. சிஸ்டர் நன்மை எடுத்துட்டு வருவாங்க, நான் ஜெபப் புத்தகத்தோட கூடப் போவேன், ஒரு காலையில ஏழு வீடு. ஒரு பாட்டிக்கு தொண்ணூறு வயசு தாண்டியாச்சு, காது சரியா கேக்காது, ஆனா நாங்க போறதுக்கு முன்னாடியே முக்காலி மேல வெள்ளைத் துணி விரிச்சு, மெழுகுவர்த்தி ஏத்தி, ஒரு டம்ளர் தண்ணியும் வச்சு, தலையில முக்காடு போட்டு உக்காந்திருக்கும். நன்மை வாங்கி கொஞ்ச நேரம் கண்ணை மூடி இருந்துட்டு அப்புறம் கேக்கற முதல் கேள்வி, "யாருக்குடி ஓலை வாசிச்சாங்க?" இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம்னு அறிவிக்கற ஓலையை மூணு ஞாயிறு கோயில்ல வாசிப்பாங்க இல்ல, அது பாட்டிக்கு ஒண்ணு விடாம வேணும். பொண்ணு யாரு வீட்டுது, மாப்பிள்ளை எந்தப் பங்கு, நெல்லித்தோப்பா அரியாங்குப்பமா. அதுக்காகவே நான் பூசையில ஓலை வாசிக்கும்போது ஒரு சீட்டுல எழுதிக்கிறேன். காதுக்கிட்ட போய் சத்தமா படிச்சுக் காட்டுவேன், நாலு தெரு தள்ளி இருக்கறவங்களுக்கும் கேக்கும்.

இப்ப அந்த ஆறுதல் விஷயத்துக்கு வரேன். என் வீட்டுக்காரர் போய் நாலு வருஷம் ஆச்சு. உப்பளம் கல்லறையில இருக்கார். நவம்பர் 1 நம்ம புதுச்சேரிக்கு விடுதலை நாள், 1954ல பிரெஞ்சுக்காரங்க ஆட்சியை விட்டுக் குடுத்த நாள், ஊருக்கே லீவு. மறுநாள் கல்லறைத் திருநாள். அதனால 1ஆம் தேதியே சுண்ணாம்பு வாளியும் பிரஷ்ஷுமா பாதி ஊரு உப்பளத்துல இருக்கும், நானும் போய் புல்லு புடுங்கி, சுண்ணாம்பு அடிச்சு, பேரை கருப்புப் பெயிண்ட்டுல திரும்ப எழுதிட்டு வருவேன். அழுகை வரும். வந்தா அழுதுட்டு அடுத்த எழுத்தை எழுதுவேன். துக்கம் அது பாட்டுக்கு இருக்கு, அதை மறக்கறதுக்காக நான் துணி மடிக்கல. அவர் உயிரோட இருந்தப்பவே நான் இஸ்திரி போட ஆரம்பிச்சாச்சு, ஈரம் தெளிச்சுக் குடுத்ததே அவர்தான்.

பிரான்ஸ்ல இருக்கற என் பொண்ணு வீடியோ கால்ல "ரெஸ்ட் எடும்மா, வாழ்நாள் பூரா உழைச்சாச்சு"ங்கறா. பாசத்துல சொல்றா, எனக்குத் தெரியாதா. ஆனா பொதுவா நாம வயசானவங்களைப் பத்தி யோசிக்கறதே தப்பா இருக்குன்னு நினைக்கறேன். திருவிழாவுல முன்னாடி நாற்காலி போட்டு உக்கார வைக்கறோம், வருஷத்துக்கு ஒரு தடவை மூத்தோர் தினம்னு சால்வை போத்தி பழத்தட்டு குடுக்கறோம், மிச்ச 364 நாளும் அவங்க டிவி முன்னாடி. ஆளுக்கு ஒரு வேலை குடுங்க, இது உன் பொறுப்பு, நீ வரலைன்னா இது நடக்காதுன்னு ஒரு வேலை. எங்க பாடற்குழுவுல ஒரு ரிட்டயர்டு வாத்தியார் பாட்டு நம்பர் பலகையை மாத்தறார், அவ்வளவுதான் வேலை, காய்ச்சல்ல படுத்த ஒரே ஒரு ஞாயிறு பேரனை அனுப்பி மாத்த வச்சார்.

முட்டி வலி எனக்கும் இருக்கு, இஸ்திரி போட இப்ப உக்காந்துதான் ஆகணும். அதனால எங்க அன்பியத்துல, அதான் பக்கத்துப் பக்கத்து வீட்டுக்காரங்க சேர்ந்த ஜெபக் குழுவுல, எட்டாவது படிக்கிற பொண்ணு ஒண்ணுக்குக் கத்துக் குடுக்க ஆரம்பிச்சிருக்கேன். முதல் மாசம் எல்லாம் மடிப்பு கோணலா வந்துச்சு, ஓரம் ஒட்டாது, நான் ஒண்ணும் சொல்லாம திரும்பத் தண்ணி தெளிச்சுக் குடுப்பேன். இன்னிக்கு சனிக்கிழமை, பத்து துணி முடிச்சோம், அதுல ரெண்டு அவ மடிச்சது, அளவெடுத்த மாதிரி ஒம்போது கட்டம். நாளைக்கு ரெண்டாம் பூசைக்கு அதைத்தான் மேல வச்சிருக்கேன். அவகிட்ட இன்னும் சொல்லல.