கிளியோபாட்ரா எகிப்தியப் பெயர் அல்ல

மகளுக்குப் பெயர் தேடும் நீங்கள், கிளியோபாட்ரா என்பது பழைய எகிப்திய மொழிப் பெயர், 'நைல் நதியின் மகள்' என்று பொருள் என எழுதியிருக்கிறீர்கள். மன்னிக்கவும், இரண்டுமே தவறு. அது சுத்தமான கிரேக்கப் பெயர். கிளியோஸ் என்றால் புகழ், பாட்டர் என்றால் தந்தை. தந்தையால் புகழ் பெற்றவள், அல்லது தந்தையின் புகழ் என்று சொல்லலாம். இதே இரண்டு சொற்களைத் திருப்பிப் போட்டால் கிரேக்கப் புராண வீரன் அக்கிலிஸின் நண்பன் பாட்ரோக்ளஸ் பெயர் வரும்! ஹோமரின் பழைய கிரேக்கக் காவியமான இலியட்டிலேயே மெலியாகர் என்ற வீரனின் மனைவிக்குக் கிளியோபாட்ரா என்றுதான் பெயர். அலெக்சாண்டரின் தங்கைக்கும் அதே பெயர்.

எகிப்துக்கு அந்தப் பெயர் போனது அங்கே ஆண்ட, கிரேக்க மொழி பேசிய மாசிடோனிய வம்சமான தாலமிகளோடு. கடைசி அரசி ஏழாம் கிளியோபாட்ராதான் அந்த வம்சத்தில் எகிப்திய மொழி பேசக் கற்ற முதல் ஆள் என்கிறார் பழங்கால கிரேக்க எழுத்தாளர் புளூட்டார்க்.

பழைய எகிப்தியரின் சித்திர எழுத்தில் அந்தப் பெயர் இருக்கிறதே என்றும் கேட்டிருந்தீர்கள். சரி, இருக்கிறது. ஆனால் வெளிநாட்டுப் பெயர் என்பதால் ஒவ்வொரு ஒலியாகப் பிரித்து எழுதியிருந்தார்கள். தாலமி, கிளியோபாட்ரா இரண்டிலும் ஒரே குறிகள் ஒரே ஒலிக்கு வந்ததுதான் 1822-இல் பிரெஞ்சு அறிஞர் ஷாம்போலியன் அந்த எழுத்தைப் படிக்கப் பெரிதும் கைகொடுத்தது. அப்புறம், மகளுக்கு அசல் எகிப்தியப் பெயர்தான் வேண்டும் என்றால் நெஃபர்டிட்டி இருக்கிறது: 'அழகி வந்துவிட்டாள்' என்று பொருள்.