பேருந்து வசதி: உண்டு

போன வாரம் ஒரு ராத்திரி தூக்கம் வராமல், 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் தர்மபுரி மாவட்டக் கையேட்டைப் புரட்டிக்கொண்டிருந்தேன். பாலக்கோடு பக்கம் இருக்கும் எங்கள் ஊருக்கும் அதில் ஒரு வரி இருக்கிறது. வீடுகள் இத்தனை, ஆண் இத்தனை, பெண் இத்தனை. இன்னொரு பட்டியலில் பேருந்து வசதி உண்டு என்று போட்டிருக்கிறது.

பொய்யில்லை. பஸ் வருகிறது. பிள்ளையார் கோயில் வரைக்கும் வந்து திரும்பிவிடும். எங்கள் கொட்டாய் அங்கிருந்து மூன்று கிலோமீட்டர்.

வெளியூர்க்காரர்களுக்குக் கொட்டாய் என்றால் புரியாது. காட்டுக்குக் காவலாக நிலத்திலேயே ஒரு குடிசை போட்டுத் தங்கியவரின் பிள்ளைகள், பேரன்கள் என்று பெருகி இன்று முப்பது நாற்பது வீடாக நிற்கும் இடம். முதலில் குடிசை போட்டவர் பெயரே பல இடங்களில் ஊர்ப்பெயராகிவிட்டது. எங்கள் ஊரைச் சுற்றி இப்படி ஆறு. கையேட்டில் ஆறும் சேர்ந்து ஒரே வருவாய்க் கிராமம், ஒரே வரி. பஸ் இல்லாத ஊராக இருந்தால் எத்தனை தூரத்தில் கிடைக்கும் என்றாவது ஒரு குறியீடு போடுவார்கள். நமக்குத்தான் 'உண்டு' ஆயிற்றே, தூரம் எதற்கு?

அம்மா மாதம் ஒருமுறை சுகர் மாத்திரை வாங்கப் பாலக்கோடு போவார். 2021 மே மாதத்திலிருந்து டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணமில்லை. உண்மையிலேயே நல்ல திட்டம். ஆனால் பொழுது சாய்ந்து கோயிலடியில் இறங்கினால் கொட்டாய்க்கு ஆட்டோக்காரர் நூறு ரூபாய் கேட்கிறார். டவுனுக்குப் போய்வர இலவசம், கடைசி மூன்று கிலோமீட்டருக்கு நூறு! பாதி நாள் அம்மா நடந்தே வந்துவிடுவார். மாத்திரைப் பை ஒரு கையில், பாம்புக்குப் பயந்து செல்போன் வெளிச்சம் இன்னொரு கையில்.

கண்டக்டரிடம் கேட்டுப் பார்த்தேன். "உள்ள வந்தா ஆளே இருக்காது சார், வண்டி திருப்பவும் இடமில்ல" என்றார். அவரைக் குறை சொல்ல முடியாது. பிரதமர் கிராமச் சாலைத் திட்டம் 2000இல் வந்தபோதே சமவெளியில் 500 பேர், மலையில் 250 பேர் என்றுதான் அளவு வைத்தார்கள். அதிலாவது குடியிருப்பைத் தனியாகப் பார்த்தார்கள். முப்பது வீட்டுக் கொட்டாய் அந்த 500ஐ எப்போது எட்டுவது?

இருக்கிற ஆளும் கணக்கில் வருவதில்லை. 2011இல் பிப்ரவரி 9 முதல் 28 வரை எண்ணினார்கள். அந்த இருபது நாளும் ஊரில் இல்லாதவரை, இருந்த இடத்தில்தான் எண்ணுவார்கள். எங்கள் பக்கம் அறுப்பு முடிந்து செங்கல் சூளைக்கும் பெங்களூர்க் கட்டட வேலைக்கும் போகிற காலம் அது. நானே அப்போது ஓசூர்க் கணக்கில்தான் இருந்தேன். அடுத்த கணக்கெடுப்பும் 2027 பிப்ரவரியில்தானாம்.

கோட்டூர் மலைக்காரர்களைப் பார்த்தால் நாங்கள் பரவாயில்லை. பென்னாகரம் பக்கத்து அந்த மலைக்கு ஓட்டு மெஷின் கழுதை முதுகில் ஏறிப் போகும். தேர்தலுக்குத் தேர்தல் பத்திரிகையில் படமும் வரும்.

2011 கணக்குப்படி மாவட்டத்தின் 15,06,843 பேரில் நூற்றுக்கு எண்பதுக்கு மேல் கிராமத்தில் இருக்கிறோம். எனவே நான் கேட்பது பெரிய விஷயமில்லை. கொட்டாய்வாரியாக எண்ணுங்கள். பஸ் 'உண்டு' என்பதோடு எங்கே நிற்கிறது, நாளைக்கு எத்தனை நடை, கடைசி நடை எத்தனை மணிக்கு என்பதையும் எழுதுங்கள். மினி பஸ்ஸுக்குத் தடம் போடுகிறவர்கள் கையில் அந்தத் தாள் இருக்கட்டும்.

இதையெல்லாம் போனில் அம்மாவிடம் புலம்பினேன். 2011இல் கணக்கெடுக்க வந்த வாத்தியாரை அவருக்கு நன்றாக நினைவிருக்கிறது. டிவிஎஸ் 50இல் வந்தாராம். திரும்பும்போது வண்டி ஓடை மணலில் சிக்கிக்கொள்ள, கொட்டாய்ப் பசங்கள்தான் தள்ளிவிட்டார்களாம்.