இரண்டு வாரம் தனியாக வைத்தால் என்ன குறைந்துவிடும்?

ஆமாம், அதே மீன் தொட்டிதான். வியாழக்கிழமை நான் போட்ட, மீனுக்கெல்லாம் வெள்ளைப் புள்ளி வந்த படத்தையும் அதற்குக் கீழே விழுந்த சிரிப்புப் பொம்மைகளையும் எல்லாரும் பார்த்தீர்கள். "ஒரு மீனுக்குப் போய் இவ்வளவு ஆர்ப்பாட்டமா" என்று கேட்ட சொந்தக்காரர்களுக்கு அங்கே பதில் சொல்லவில்லை. இங்கே சொல்கிறேன்.

புது மீன் வாங்கினால் இரண்டு வாரம் தனியாக வைக்க வேண்டும். அவ்வளவுதான் என் பேச்சு. ஒரு பிளாஸ்டிக் வாளி, காற்றுக் குழாய், சின்ன வலை போதும். எல்லாம் சேர்த்தாலும் பெரிய செலவு இல்லை.

நடந்தது இதுதான். சனிக்கிழமை பசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) தங்கச்சி மாப்பிள்ளை ஏழு மீன் வாங்கி வந்திருக்கிறார். நான் வேலையில் இருந்தேன். ஒரு போன் இல்லை. பையைப் பிரித்து, அந்தக் கடைத் தண்ணீரோடு அப்படியே என் தொட்டியில் கவிழ்த்துவிட்டார். அவர் மகன், என் மருமகன், கைதட்டினானாம். வியாழக்கிழமை காலையில் பார்க்கிறேன், செதிலெல்லாம் உப்பு தூவியதுபோல வெள்ளைப் புள்ளி.

"கடையில் பார்க்கும்போது நன்றாகத்தானே இருந்தது" என்கிறார். இருக்கும், மாப்பிள்ளை. அந்த வெள்ளைப் புள்ளியைக் கொண்டுவரும் ஒட்டுண்ணி ஒட்டிய அன்றே கண்ணுக்குத் தெரியாது. தோலுக்குள் புகுந்து தின்று வளர்ந்த பிறகுதான் புள்ளியாகத் தெரியும். முற்றியதும் உதிர்ந்து, அடியில் கிடந்து, நூற்றுக்கணக்கான குட்டிகளாகப் பிரிந்து அடுத்த மீனைத் தேடி நீந்தும். நம் ஊர் வெயிலுக்கு இந்தச் சுற்று சில நாளிலேயே முடிந்துவிடும். அதற்குத்தான் இரண்டு வாரம். நோய் இருந்தால் வாளியிலேயே தெரிந்துவிடும், தொட்டிக்கு வராது.

"மருந்து ஊற்றினால் போகிறது" என்று ஒருவர் எழுதியிருந்தார். நன்றி, டாக்டர். தோலுக்குள் இருக்கும்போது மருந்து அதைத் தொடாது. வெளியே நீந்தும் அந்தக் கொஞ்ச நேரத்தில்தான் கொல்ல முடியும். அதனால் புள்ளி மறைந்த பிறகும் ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும். செம்பு கலந்த மருந்தாக இருந்தால் இறால் செத்துவிடும். என் சிவப்பு இறால்களை ஒவ்வொன்றாக வலையில் பிடித்து அம்மாவின் சோற்றுப் பானைக்கு மாற்றி முடிக்க இரவு இரண்டு மணி ஆனது. அதற்கும் ஒரு சிரிப்புப் பொம்மை போட்டார்கள்.

சரி, நோயே வரவில்லை என்று வையுங்கள். என்னுடையது இரண்டடித் தொட்டி, ஐம்பத்து ஐந்து லிட்டர்கூட வராது. மீன் கழிவில் அம்மோனியா வரும். வடிகட்டிப் பஞ்சில் குடியிருக்கும் பாக்டீரியா அதை நைட்ரைட்டாக்கி, அப்புறம் நைட்ரேட்டாக்கும். அந்தப் பாக்டீரியா இருக்கிற மீனுக்குத் தக்க அளவில்தான் இருக்கும். ஒரே நாளில் ஏழு மீன் இறங்கினால் அது எங்கே போய் ஆள் சேர்க்கும்? இரண்டு மூன்றாக, வாரம் விட்டு விட்டுச் சேர்க்க வேண்டும் என்பது அதனால்தான்.

அந்த ஏழில் ஒன்று ஈக்கான் பண்டாராயா. பாசியைச் சுரண்டித் துப்புரவு செய்வதால் மலாயில் அதற்கு மாநகராட்சிப் பெயர். "உன் தொட்டியைச் சுத்தம் பண்ணும்" என்று பெருமையாக வாங்கி வந்தார். அது ஓரடிக்கு மேல் வளரும், மாப்பிள்ளை. அது போடும் கழிவை அள்ள இன்னொரு மாநகராட்சி வேண்டும். "பெரிதானால் ஆற்றில் விட்டுவிடு" என்று ஒரு புத்திசாலி சொல்கிறார். லங்காட் ஆற்றில் தன்னார்வலர்கள் வலை போட்டு இந்த மீனைக் குவியல் குவியலாக அள்ளுகிறார்களே, அதெல்லாம் இப்படி ஆசையாக வாங்கி, அலுத்துப்போய் விட்டதன் வாரிசுகள்தான்.

நீ மட்டும் ஒழுங்கா என்று கேட்பீர்கள். நானும் ஒருமுறை அவசரப்பட்டிருக்கிறேன். அது வேறு கதை, அப்போது தெரியாது.

அப்பாவுக்குத் தெரிந்திருந்தது. பால்மரம் சீவியவர். அம்மோனியா என்றால் ரப்பர்ப் பால் உறையாமல் இருக்க ஊற்றுவது என்றுதான் அவருக்குத் தெரியும். லயத்தில் (எஸ்டேட் வரிசை வீட்டில்) இருந்த காலத்தில் எஸ்டேட் வாய்க்காலில் சண்டை மீன் பிடித்து வந்தால், காய்ந்த கெத்தாப்பாங் (நாட்டு வாதுமை) இலை போட்ட ஹார்லிக்ஸ் போத்தலில் தனியாக விட்டு, அடுப்படி ஜன்னலில் வைப்பார். "ரெண்டு ஞாயிறு கழியட்டும்டா." நான் எவ்வளவு அழுதாலும் அசைய மாட்டார். எங்கள் தாத்தாவும் அப்படித்தானாம். புதிதாக வாங்கிய மாட்டை உடனே மற்ற மாடுகளோடு கட்ட மாட்டாராம். லயத்து ஆளுக்குப் புரிந்தது, கையில் ஐபோன் வைத்திருக்கும் மனிதருக்குப் புரியவில்லை.

லயம் போய், பால்மரம் போய், எல்லாம் செம்பனை ஆகி, நாங்கள் சுங்கை சிப்புட்டில் தாமான் (குடியிருப்புப் பகுதி) வீட்டுக்கு வந்த பிறகும் அப்பா தொட்டியை விடவில்லை. அதில் இருக்கும் செப்பாட் மீன் அவர் கடைசியாக வாங்கியது. வாங்கி வந்து இரண்டு ஞாயிறு வாளியில்தான் வைத்திருந்தார். மூச்சு வாங்கிக்கொண்டே தண்ணீர் மாற்றினார். இதெல்லாம் அந்த வீட்டில் எல்லாருக்கும் தெரியும். தெரிந்துமா கேட்காமல் கை வைப்பார்கள்?

"மாப்பிள்ளை ஆசையாக வாங்கி வந்ததைக் குறை சொல்லாதே" என்கிறார் அம்மா. சொல்லவில்லை, அம்மா. இருபது வெள்ளி (ரிங்கிட்) மீன் என்கிறார்கள். இருபது வெள்ளியை இப்போதே தருகிறேன். மருமகன் ஆசைப்பட்டான் என்றால் "மாமா, போடலாமா" என்று ஒரு வார்த்தை கேட்கச் சொல்லியிருக்கலாம். நானே வாளி எடுத்து வைத்திருப்பேன், தினமும் சாப்பாடு போடும் வேலையையும் அவனுக்கே கொடுத்திருப்பேன். என்னிடம் கேட்க யாருக்கும் தோன்றவில்லை. அப்பா இருந்தபோது கேட்டார்கள்.

இன்று மருந்து நான்காம் நாள். புது மீனில் ஐந்து போய்விட்டன. செப்பாட் மூலையில் துடுப்பை ஒடுக்கிக்கொண்டு நிற்கிறது, காலையில் சாப்பிடவில்லை. பண்டாராயா மட்டும் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு அமோகமாக இருக்கிறது. மாப்பிள்ளை வந்து எடுத்துக்கொண்டு போகலாம். வருவதற்கு முன் ஒரு போன் செய்யவும்.